வினாடிக்கு ஒரு எம்பி

எங்கள் அடுக்ககத்தில் நாற்பத்தெட்டு வீடுகள். அதில் முப்பதுக்கு மேற்பட்ட வீடுகளில் கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்கள். பாதி நாள் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு நசரத்பேட்டை நெடுஞ்சாலை ஓரத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார்கள். மீதி நாள் அரைக்கால் சட்டையோடு வீட்டிலேயே உட்கார்ந்து, சாத்திய கதவுக்குப் பின்னால் யாரோடோ ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இத்தனை பேர் இருந்தும், சங்க அறையில் கிடக்கும் ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஏழு கோப்புகளை வெளியே எடுக்க ஒருவருக்கும் துப்பில்லை. கடைசியில் அந்த வேலை, ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுப் பிரிவில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்ற என் தலையில் விழுந்தது. விழுந்தது என்பதும் பொய்தான். நானே போய்த் தலையைக் கொடுத்தேன்.

விஷயம் ஒரு சைக்கிள். முதல் மாடிக் குடும்பம் தீபாவளிக்காக ஒரு வியாழக்கிழமை காலை ஊருக்குக் கிளம்பி, அடுத்த வாரம் புதன்கிழமை திரும்பி வந்தது. மறுநாள் காலையில் பார்த்தால், கீழே தூணோரம் நிறுத்தியிருந்த பிள்ளையின் கியர் சைக்கிளைக் காணோம். பூட்டினீர்களா என்று அந்த வீட்டுக்காரரிடம் கேட்டேன். பூட்டு இருக்கிறதாம். சாவியை எங்கே வைத்தோம் என்று தெரியாததால் பூட்டுவதில்லையாம். இந்த மேதாவி கம்பெனியில் பார்க்கிற வேலை, ஏதோ ஒரு வங்கியின் கணினிகளுக்குள் திருடன் நுழையாமல் பாதுகாப்பது.

ஒன்பது மணிக்குள் குற்றவாளி யார் என்று முடிவாகிவிட்டது. வேறு யார், வாட்ச்மேன்தான். பக்கத்துக் கரையான்சாவடியைச் சேர்ந்தவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், எங்களிடம் வந்து நாலு வருஷம். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒற்றை அறையில் அவரும் மனைவியும் இருந்தார்கள். வேலை போனால் அந்த அறையும் போகும். மனைவி எங்கள் அடுக்ககத்திலேயே நாலு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார், அதுவும் போகும். இப்போது எழுதும்போது 'அவர்' என்கிறேன். அப்போது எனக்கு 'அவன்'தான்.

சங்கச் செயலாளர் சங்க அறையில் விசாரணை வைத்தார். செயலாளருக்கு நாற்பது வயது, மதுரைப் பக்கம், பேசினால் பாதி ஆங்கிலமாக இருக்கும். சங்கத்தில் ஆய்வு செய்த அனுபவமுள்ள ஒரே ஆள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார். அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்புதான்.

"இந்த ஒரு வாரத்துல பகல் டைம்ல எப்பவாவது கேட்டை விட்டுட்டுப் போனீங்களா?" என்றார் செயலாளர்.

"ஒரு தபா போனேன் சார். போன வெள்ளிக்கெயமன்னு நெனக்கிறேன்."

"எங்க?"

நான் குறுக்கே புகுந்தேன். "யோவ், கேக்கிறாரு இல்ல? கேட்டைப் போட்டுட்டு எங்கய்யா போன? டீக்கா, பீடிக்கா?"

அவர் தலையை நிமிர்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். அவ்வளவுதான், வாயே திறக்கவில்லை. தொழிற்சாலையில் இந்த மாதிரி ஊமைக் கோட்டான்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பொருளைக் கெடுத்தவனைக் கேட்டால் இப்படித்தான் தரையை அளப்பான். வெளியே வந்ததும் அடுக்கக வாட்ஸப் குரூப்பில் நான் எழுதினேன்: "ஒளிப்பதற்கு ஏதோ இருப்பவன்தான் வாயைத் திறக்க மாட்டான்." பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம், அதில் அவரை அனுப்பத் தீர்மானம், திங்கட்கிழமை ஏஜென்சியிலிருந்து புது ஆள் என்று செயலாளர் அறிவித்தார்.

இதோடு நான் வீட்டுக்குப் போயிருப்பேன். செயலாளர் சொன்ன இன்னொரு வாக்கியம்தான் என்னைக் கிளப்பிவிட்டது. கேமரா பதிவைப் பார்த்துவிடலாமே என்று யாரோ கேட்டதற்கு, "ஃபுட்டேஜ் எடுக்க முடியாது சார், பேஸிக்கலி அது லெகசி சிஸ்டம்" என்றார். பழைய இயந்திரம் என்பதைச் சொல்ல அந்த ஆளுக்கு இத்தனை அலங்காரம். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய லேத் மெஷினில் நூலிழை பிசகாமல் வேலை வாங்கியவர்கள் நடுவில் இருந்தவன் நான். பன்னிரண்டு வருஷக் கம்ப்யூட்டருக்கு மாலை போட்டுவிட்டு நிற்கிறார்கள். எடுத்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாட்ச்மேன் மேல் இரக்கப்பட்டு இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். செயலாளரின் மூஞ்சியில் கரியைப் பூச வேண்டும் என்பதுதான் எனக்கு.

அந்தக் கம்ப்யூட்டரின் கதையே தனி. கட்டடம் கட்டியவர் விட்டுப்போன பெட்டி. நாலு கேமராக்களின் படமும் அதில் பதிவாகும். ஒன்பது நாள் பதிவுக்குத்தான் இடம், பத்தாம் நாள் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். அதை மாற்ற பாஸ்வேர்டு வேண்டும், பாஸ்வேர்டு தெரிந்தவன் போன இடம் தெரியாது. படத்தை அதிலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்றால், வேகமாக ஓட்டியதும் திரை உறைந்து நின்றுவிடும். ஆக, வெளியே எடுத்தால்தான் பார்க்க முடியும். அதுவும் சனிக்கிழமை காலைக்குள். தாண்டினால் குடும்பம் ஊருக்குப் போன நாளிலிருந்து ஒவ்வொரு நாளாக அழிய ஆரம்பிக்கும். பெட்டியை அணைத்து வைத்துவிடலாமே என்றேன். கேமரா ஓடாத நேரத்தில் எதுவும் நடந்தால் யார் பொறுப்பு என்று செயலாளர் கேட்டார். ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்ததற்கே இந்தக் கதி.

இன்னொரு கூத்து உண்டு. எப்போதோ ஒருமுறை மவுஸ் திருடு போனதாம். அதற்காக ஒரு முந்தைய செயலாளர் இரும்புப் பட்டையில் கூண்டு அடித்து, கம்ப்யூட்டரை அதற்குள் வைத்துப் பூட்டிவிட்டார். சாவி அவரோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டது. முன்பக்கம் மட்டும் கை நுழையும் அளவுக்கு ஒரு சதுர ஓட்டை. அது வழியாகப் பெட்டியின் முகத்திலிருக்கும் இரண்டு யுஎஸ்பி துவாரங்களைத் தொடலாம், அவ்வளவுதான். ஹார்டு டிஸ்க்கைக் கழற்ற முடியாது. பூட்டை உடைக்கலாமா என்றால், சங்கச் சொத்து சார், கமிட்டித் தீர்மானம் வேண்டும் என்றார் செயலாளர். மனிதனைத் துரத்த மட்டும் தீர்மானத்துக்கு முன்னாலேயே புது ஆளுக்குச் சொல்லியாகிவிட்டது.

வியாழக்கிழமை மதியம் என்னுடைய வெளி ஹார்டு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போனேன். சங்க அறைக்கு ஜன்னல் கிடையாது, விளக்கும் மினுக்மினுக்கென்று எரியும். ஓட்டைக்குள் கையை விட்டு, தடவிப் பார்த்து, கேபிளைச் செருகினேன். ஒரு நாளைக்கு ஒரு கோப்பு, ஒவ்வொன்றும் பெரிய மூட்டை. ஏழு நாள் கோப்புகளையும் தேர்ந்தெடுத்துக் காப்பி போட்டேன். திரையில் கணக்கு வந்தது: வினாடிக்கு ஒரு எம்பி. மீதி நேரம் ஐந்து நாள் பதினோரு மணி.

சரி, ஆரம்பத்தில் அப்படித்தான் காட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஐந்து நாள் பன்னிரண்டு மணி ஆனது. முக்கால் மணி நேரம் கழித்து டிங் என்று ஒரு சத்தம், டிஸ்க் துண்டித்துப் போய்விட்டது. அதுவரை போனது அத்தனையும் வீண், கோப்பை முதலிலிருந்து எடுக்க வேண்டும். மறுபடி போட்டேன். இந்தத் தடவை இருபது நிமிஷத்தில் டிங்.

குரூப்பில் ஒரு வார்த்தை போட்டேன். போட்டிருக்கவே கூடாது. முப்பது நிபுணர்களும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டார்கள். ஒருவர் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொன்னார், அணைத்தேன். ஒருவர் மின்சாரச் சிக்கன அமைப்பை மாற்றச் சொன்னார், மாற்றினேன். ஒருவர் டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒழுங்காகச் சேர்க்கச் சொன்னார். அதற்கே இரண்டு நாள் ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை. டிரைவரைப் புதுப்பிக்கச் சொன்னவர் அந்தப் பெட்டிக்கு இன்டர்நெட் இணைப்பே இல்லை என்பதை மூன்று தடவை சொல்லியும் கேட்கவில்லை. இன்னொருவர் ஆங்கிலத்தில் நாற்பது வரி அனுப்பினார். எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது, கடைசி வரியில் "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று அதுவாகவே கேட்டிருந்தது. மீதிப் பேர் எல்லாரும் சொன்னது ஒரே பாட்டு: "புது மெஷின் வாங்கிடலாம் அங்கிள்." ஒருவர்கூட எழுந்து லிஃப்டில் ஏறிக் கீழே வரவில்லை. சொந்த அடுக்ககத்தில் நாலு மாடி இறங்கத் தெரியாதவர்கள் கடல் தாண்டி இருக்கும் கம்பெனிகளுக்குக் கோளாறு பார்க்கிறார்கள்.

கீழே வந்த ஒரே ஆள் வாட்ச்மேன். வெள்ளிக்கிழமை காலையில் நான் மூன்றாவது தடவையாகக் காப்பி போட்டுவிட்டுத் திரையை முறைத்துக்கொண்டிருந்தபோது, கையில் டீ டம்ளரோடு வாசலில் நின்றார். மனைவி கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

"இன்னா சார், வர்லியா?"

"வரும், வரும். நீ எங்க போனன்னு இதுல தெரிஞ்சிரும்" என்றேன்.

அவர் டம்ளரை மேஜையில் வைத்தார். "வுட்டுரு சார். இதுக்குப் போயி நீ ஏன் கஸ்டப்பட்டுகினு. எங்கனா போயி பொயச்சிக்கிறேன்."

அவர் மெட்ராஸ்காரர். 'சார்' என்பார், 'நீ' என்பார், இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும். அது எனக்கு எப்போதும் எரிச்சல். அன்றைக்கு அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. படத்தை எடுக்காதே என்கிறானே, அப்படியானால் அதில் இவன் மாட்டிக்கொள்ளப் போகிறான் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டேன். அந்தக் கணத்தில் அவர் வேலை போய்த் தொலையட்டும் என்றே தோன்றியது. டீயை மட்டும் குடித்தேன்.

அடுத்த டிங் கேட்டதும் கேபிள்தான் கோளாறு என்று முடிவு செய்து, வண்டியை எடுத்துக்கொண்டு கரையான்சாவடிக்குப் போனேன். மெயின் ரோட்டில் மொபைல் உறை, சார்ஜர், கேபிள் எல்லாம் தோரணமாகத் தொங்கும் ஒரு கடை. கடைக்காரர் நான் சொன்னதை முழுதாகக் கேட்கவில்லை, பாதியிலேயே ஒரு கேபிளை உருவி நீட்டினார்.

"இத்த மாட்டு சார், சும்மா பிச்சுக்கினு ஓடும். மிசினு எத்தினி வருசம்?"

"பன்னிரண்டு."

"அத்த தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு சார்."

இங்கேயும் அதே பாட்டு. நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். "ஓட்டைக்குள்ள லைட் அட்ச்சுப் பாத்தியா சார்? ஒர்த்தர் ஊட்ல உள்ள பல்லி முட்டையே கீது. நானே எட்த்தேன்."

முப்பத்தாறு வருஷம் ஆய்வாளராக இருந்தவனிடம், விளக்கு அடித்துப் பார்த்தாயா என்று கேபிள் விற்கிறவன் கேட்கிறான். சுருக்கென்றது. ஏனென்றால் நான் பார்க்கவில்லை. எந்த உருப்படி கைக்கு வந்தாலும் முதலில் வெளிச்சத்தில் வைத்துக் கண்ணால் பார் என்று புதிதாக வந்தவர்களைத் திட்டியே பெயர் வாங்கியவன், இரண்டு நாளாக இருட்டில் தடவித் தடவிச் செருகிக்கொண்டிருக்கிறேன்.

திரும்பி வந்து, புதுக் கேபிளைப் பையிலேயே வைத்துவிட்டு, கைப்பேசி விளக்கை அந்தச் சதுர ஓட்டைக்குள் அடித்தேன். பெட்டியின் முகத்தில் இரண்டு துவாரங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டின் மேலும் வட்டமாகச் சந்தனம், சந்தனத்தின் நடுவில் குங்குமம். மேலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் கேபிளைச் செருகிச் செருகி அத்தனையையும் உள்ளே இடித்துத் தள்ளியிருந்தேன். செப்புத் தகடுகளின் மேல் மஞ்சள் காரை பிடித்துக் கிடந்தது.

ஆயுத பூஜை! மூன்று வாரத்துக்கு முன்னால் அடுக்ககத்தில் மோட்டாருக்கும் லிஃப்டுக்கும் கேட்டுக்கும் பூஜை போட்டோம். பொரியும் சுண்டலும் வாங்கித் தின்றவர்களில் நானும் உண்டு.

"யோவ்!" என்று கத்தினேன். வாட்ச்மேன் ஓடி வந்தார். "இந்தச் சந்தனத்தை எவன்யா வெச்சது?"

"நாந்தான் சார்." அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"அறிவிருக்கா? பெட்டி இத்தாம் பெருசு இருக்கு, உச்சந்தலையில வெக்க வேண்டியதுதானே? ஓட்டை மேல எதுக்குய்யா வெச்ச?"

"கூண்டுக்குள்ள அங்க கை பூர்ல சார். மூஞ்சி மட்டுந்தான் எட்டுது." அவர் குனிந்து காட்டினார். "ரெண்டு கண்ணு மாரி கீது பார். கீய பட்டன் மூக்கு மாரி. வெறும் மூஞ்சா வுட மன்சு வர்ல."

"கண்ணு மேலயா பொட்டு வெப்பாங்க?"

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். படிக்காத தற்குறி என்றேன். உன் வேலையைக் காப்பாற்றத்தான் இரண்டு நாளாக நாய் படாத பாடு படுகிறேன் என்று கூசாமல் ஒரு பொய்யும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "தப்புதான் சார்" என்றார்.

சங்கத்தின் அனுமதிக்கு நான் காத்திருக்கவில்லை, பெட்டியை அரை மணி நேரம் அணைத்தேன். ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷின் முடியைக் குட்டையாக வெட்டி, கொரோனா காலத்தில் வாங்கிக் குவித்த சானிடைசரில் தொட்டு, ஒரு துவாரத்தை மட்டும் பொறுமையாகச் சுரண்டினேன். வாட்ச்மேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கை ஆடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காய வைத்து, பெட்டியைப் போட்டு, கேபிளைச் செருகினேன். வினாடிக்கு முப்பது எம்பி. நாலரை மணி நேரத்தில் ஏழு நாளும் என் டிஸ்க்கில் வந்து உட்கார்ந்துகொண்டன. சனிக்கிழமைக்கு இன்னும் நேரமிருந்தது.

குரூப்பில் "எடுத்துவிட்டேன்" என்று ஒற்றைச் சொல் போட்டேன். எப்படி அங்கிள், எப்படி அங்கிள் என்று கேட்டவர்களுக்கு நான் பதில் போடவில்லை. அந்த மகிழ்ச்சியை மறைப்பானேன். மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் எனக்கு நானே காப்பி போட்டுக்கொண்டு, மடிக்கணினியை மேஜையில் வைத்து, சாவகாசமாக உட்கார்ந்து ஓட்ட ஆரம்பித்தேன்.

வியாழக்கிழமையில் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று இருபது. வாயிலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து வேட்டி கட்டிய ஒரு ஆள் இறங்கினார். பின்மண்டையில் வழுக்கை, கொஞ்சம் கூன். ஆட்டோவிலிருந்து ஒரு அரிசி மூட்டையைக் கீழே இறக்கச் செய்துவிட்டு, நாற்காலியில் இருந்த வாட்ச்மேனைப் பார்த்து ஒற்றை விரலை மடக்கி மடக்கிக் கூப்பிட்டார். வாட்ச்மேன் கேட்டைக் காட்டி ஏதோ சொன்னார். வேட்டிக்காரர் கையை ஓங்காத குறையாக ஆட்டினார். வாட்ச்மேன் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனார், வேட்டிக்காரர் வெறுங்கையோடு பின்னால் போனார். யார் இந்தச் சனியன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது என் சட்டை என்று தெரிந்தது.

படத்தை நிறுத்தி மறுபடியும் ஓட்டினேன். நான்தான். அன்றைக்கு லிஃப்ட் ஓடவில்லை. மூன்று மாடி. மேலே போய் டிரம்மில் கொட்டிவிட்டுப் போ என்றும் சொல்லியிருப்பேன், சொல்லாமல் விட்டிருக்க மாட்டேன். சத்தியமாக எனக்கு அது நினைவில் இல்லை. தண்ணீர் கேன், சிலிண்டர், அரிசி என்று மாதம் நாலு தடவை நடக்கிற விஷயம். நினைவில் வைத்துக்கொள்ளும்படி அதில் எனக்கு ஒன்றும் இருந்ததில்லை. பதினொன்று முப்பத்தொன்றுக்கு முதுகில் கூரியர் பை மாட்டிய ஒருவன் ஆளில்லாத கேட்டுக்குள் நடந்து வந்தான். தூணோரம் போய்ச் சைக்கிளை எடுத்தான், மணியை ஒருமுறை அடித்துப் பார்ப்பது போல் கட்டைவிரலை அசைத்தான், ஏறி மிதித்துப் போய்விட்டான். மூன்று நிமிஷம் கழித்து வாட்ச்மேன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

லிஃப்டுக்குள் சங்க விதிகள் ஒட்டியிருக்கும். ஏழாவது விதி: "குடியிருப்போர் தங்கள் சொந்த வேலைகளுக்காகக் காவலாளியை வாயிலிலிருந்து அழைக்கக் கூடாது." அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தது நான். சந்தி சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக் கொடுத்தேன்.

அழித்துவிடலாம் என்று தோன்றியது. யோக்கியன் மாதிரி எழுதி என்ன ஆகப்போகிறது, தோன்றியது. ஒரு படத்திலிருந்து இரண்டு நிமிஷத்தை வெட்ட எனக்குத் தெரியும். வெட்டியதைக் கண்டுபிடிக்க இந்த முப்பது பேருக்கும் தெரியாது என்பதும் தெரியும். என்னை மட்டும் வெட்டினால், வாட்ச்மேன் காரணமில்லாமல் எழுந்து போனதாகவும் திருடன் வந்ததாகவும் அழகாகப் பொருந்தும். குரூப்பில் நான் எழுதியதும் உண்மையாகிவிடும். சனிக்கிழமை முழுக்க அந்த மடிக்கணினியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். செயலாளரைக் கேவலமாக நினைத்தேன், முதல் மாடிக்காரரைக் கேவலமாக நினைத்தேன், கேபிள் கடைக்காரரைக்கூட விட்டுவைக்கவில்லை. அந்த வேட்டி கட்டிய ஆளைப் போல ஒரு கேடுகெட்டவனை மட்டும் இதுவரை பார்த்ததில்லை. அவன் விரலை மடக்கிக் கூப்பிட்ட விதத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நாய்க்குட்டியைக்கூட யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வெட்டாமல் போட்டுக் காட்டினேன். பெரிய திரையில் என் வழுக்கை வந்ததும் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். படம் முடிந்ததும் செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், ரூல் செவன்..." என்று ஆரம்பித்தார். "நான்தான் எழுதினேன், நான்தான் மீறினேன், சைக்கிளுக்கு நான் பொறுப்பு" என்றேன். முதல் மாடிக்காரர் பரவாயில்லை அங்கிள் என்றார். அந்தப் பரவாயில்லை எனக்கு அறை மாதிரி இருந்தது. வாட்ச்மேனை அனுப்பும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஏஜென்சிக்கு வேண்டாம் என்று செயலாளர் அங்கேயே போன் போட்டார். தப்பாகப் பேசிவிட்டோம் என்று ஒருவராவது அவரிடம் சொல்வார்களா என்று பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் தீர்மானம் மட்டும் ஏகமனதாக நிறைவேறியது.

கூட்டம் கலைந்ததும் கேட்டுக்குப் போனேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். உட்காருங்கள் என்றேன். முதல் தடவையாக மரியாதை கொடுத்ததால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, நின்றுகொண்டே இருந்தார்.

"அன்னிக்கு ரூம்ல அத்தனை தடவை கேட்டோமே. நான் கூப்பிட்டேன்னு ஏன் சொல்லல? எனக்கு அசிங்கமாப் போயிடும்னு பாத்தீங்களா?"

"சீ, அத்தெல்லாம் இல்ல சார்." அவர் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. "நீதான் கூப்ட்டேன்னு நா சொல்லி, நீ இல்லன்னு சொல்ட்டீன்னா? திருட்டுக்குத் தொணை போனவன்னு ஒரு பேருதான் அப்போ இர்ந்துச்சு. அப்பால பொய்யும் சொல்றவன்னு ஆயிடும். நாளைக்கு எந்த ஊட்ல சார் எனக்கு வேல குட்ப்பாங்க?"

அப்படிச் சொல்லியிருப்பேனா என்று அங்கேயே நின்று யோசித்தேன். சொல்லியிருப்பேன். எனக்கு அரிசி மூட்டையும் நினைவில் இல்லை, தூக்கியவரும் நினைவில் இல்லை. அதனால் கொஞ்சமும் தயங்காமல், சத்தம் போட்டே சொல்லியிருப்பேன். நாற்பத்தெட்டு வீட்டிலும் என்னைத்தான் நம்பியிருப்பார்கள்.